மரத்தில் ஒட்டியிருக்கும் கடதாசி

காணி எடுக்கப்போகும் செய்தி பதிவுத் தபாலில் வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு பிறகு யோசிக்கலாம் என்று காத்திருக்காதே தங்கச்சி. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி முதல் கடதாசி உன் பெயருக்கு வருவதில்லை, ஊருக்குத்தான் வருகிறது. பள்ளிக்கூட மதில், கோயில் வாசல், சந்தி மரம் என்று எல்லோர் கண்ணிலும் படுகிற இடங்களில் ஒட்டிவிட்டால் உனக்கும் சொல்லியாயிற்று என்றுதான் கணக்கு. அது மாரிமழையில் கரைந்ததா, ஆடு தின்றதா, நீ அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாயா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றருக்கு நீண்டு கிடக்கிற வாவி நம்முடையது. 2013இல் கல்லடியில் புதுப்பாலம் வந்தது, 2014இல் மண்முனைப் பாலம் வந்தது. படுவான்கரைக்கு ஓடத்தில் போன காலம் போய்விட்டது. பாலம் வந்தால் வீதி அகலும், வீதி அகன்றால் வேலி உள்ளே வரும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, பாதை நமக்கும் வேண்டும். ஆனால் வேலியை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் உன்னிடம் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்கிறது. அந்தக் கேள்வி காதில் விழாமல் போனவர்கள்தான் பிறகு கச்சேரி வாசலில் பைலோடு நிற்கிறார்கள்.

முதலில் மேல்வரியைப் படி

அறிவித்தல் என்றாலே காணி போச்சு என்று அழுகிறவர்களும் உண்டு, சும்மா வெருட்டுகிறார்கள் என்று கிழித்துப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். கடதாசியின் தலைப்பில் எந்தச் சட்டம், எத்தனையாம் பிரிவு என்று இருக்கும். உனக்கு எத்தனை நாள் இருக்கிறது, யாருக்கு எழுத வேண்டும், எதைப் பற்றி எழுத வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் தங்கியிருக்கிறது.

காணி எடுத்தற் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் என்றால் இந்தப் பகுதியில் ஒரு பொதுத் தேவைக்குக் காணி வேண்டியிருக்கிறது, பொருத்தமான காணி எது என்று பார்க்க உத்தியோகத்தர்கள் வரப்போகிறார்கள் என்று அர்த்தம். அதில் உன் பெயர் இருக்க வேண்டியதில்லை, உன் காணித் துண்டின் இலக்கமும் இல்லாமல் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு 'இது நம்மட இல்ல' என்று பேசாமல் போகிறவர்கள்தான் அதிகம். கிராமத்தின் பெயர் உன் கிராமமா? அப்படியென்றால் அது உனக்கும்தான்.

இந்தக் கட்டத்தில் அவர்கள் காணிக்குள் வந்து அளக்கலாம், மண்ணைத் துளைத்துப் பார்க்கலாம், எல்லைக் குறி போடலாம், இடைஞ்சலாக நிற்கிற செடிகொடியை வெட்டலாம். ஆனால் ஆட்கள் குடியிருக்கிற வீட்டுக்குள்ளோ, வீட்டோடு சேர்ந்த வேலியடைத்த வளவுக்குள்ளோ நுழைவதென்றால் குறைந்தது ஏழு நாளுக்கு முன்னால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வீட்டில் பொம்பிளைகள் மட்டும் இருக்கிற நேரம் நாலு பேர் அளவுநாடாவோடு வந்து படலையைத் திறந்தால், மரியாதையாக அந்தக் கடிதத்தைக் கேள். கடிதம் இருந்தால் திகதியைப் பார், வந்தவரின் பெயரையும் கந்தோரையும் ஒரு கொப்பியில் எழுதிவை, பிறகு விடு. கத்தத் தேவையில்லை. அளக்கும்போது மரம், மதில், வேலி ஏதாவது சேதமானால் அதற்கு நட்டஈடு கேட்கவும் 3ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அன்றே படம் எடுத்து வைக்காதவர்களுக்கு அந்த வழியால் பிரயோசனம் இல்லை.

எந்தப் பொதுத் தேவைக்கு என்று அறிவித்தலில் சொல்லியிருக்கிறதா என்றும் பார். 'பொதுத் தேவை' என்று மொட்டையாக எழுதிவிட்டு நகர்கிற பழக்கம் ஒன்று இருந்தது. அது போதாது என்று உயர் நீதிமன்ற நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய ஒரு தீர்ப்பு 2000ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அச்சாகியிருக்கிறது. நியாயம் எளிமையானது. எதற்கென்று தெரியாமல் காணி பொருத்தமா என்று உத்தியோகத்தர் எப்படிப் பார்ப்பார்? வேண்டாம் என்று நீ எதைச் சொல்லி மறுப்பாய்? தேவை என்னவென்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேள். கேட்டதைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை.

இன்னொன்று, இந்தச் சட்டத்து அறிவித்தல்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தமிழில் இல்லாத கடதாசியைப் படம் எடுத்து, தமிழ்ப் பிரதி கேட்டுக் கடிதம் கொடு. அதற்காகப் பதில் வரும்வரை சும்மா இருந்துவிடாதே. அறிவித்தலில் பிழை இருக்கிறது, ஆகவே செல்லாது என்று ஒரு பிறக்கிராசி சொன்னதை நம்பி ஆட்சேபணையே போடாமல் விடுவது பெரிய மடைத்தனம். பிழையையும் எழுது, ஆட்சேபணையையும் எழுது. ஒரே கடிதத்தில் இரண்டும் போகட்டும்.

14 நாளில் கேட்கிற கேள்வி வேறு

4ஆம் பிரிவு அறிவித்தல்தான் நம் சனங்கள் அதிகம் கோட்டைவிடுகிற இடம். இந்தக் கட்டத்தில் குறிப்பிட்ட காணி எது என்று முடிவாகிவிட்டது. உரிமையாளருக்கும் கொடுக்க வேண்டும், காணியிலோ பக்கத்திலோ கண்ணில் படும்படி ஒட்டவும் வேண்டும். ஆட்சேபணையை எழுத்தில் அனுப்ப ஒரு கடைசித் திகதி போட்டிருக்கும். அந்தத் திகதி அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அதையும் உன் கடிதத்தில் முதல் வரியாக எழுது.

இங்கே கேட்பது 'இந்தக் காணியை எடுக்கலாமா, கூடாதா' என்பதை மட்டும்தான். விலையைப் பற்றி இல்லை. நான் பார்த்த ஆட்சேபணைக் கடிதங்களில் பாதிக்கு மேல் 'பேர்ச்சுக்கு இவ்வளவு தந்தால் சம்மதம்' என்றுதான் முடியும். அப்படி எழுதினால் ஆட்சேபணை இல்லை, விலைதான் பிரச்சினை என்று ஒரு வரியில் பைலை மூடிவிடுவார்கள். விலைக்கு வேறு நாள் வரும். இப்போது எழுத வேண்டியவை வேறு. பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கிற அரச காணி உண்டா? அதன் இடத்தையும் தூரத்தையும் எழுது. வீதியை எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் வீடு தப்புமா? ஒரு சின்னப் படம் கீறிக் காட்டு. இந்த வளவில்தான் குடிநீர்க் கிணறு இருக்கிறதா, எத்தனை குடும்பம் அதில் தண்ணீர் அள்ளுகிறது? எடுக்கிற துண்டு போனால் மிச்சத் துண்டுக்குப் பாதை இல்லாமல் போகுமா? எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறீர்கள், எத்தனை தரம் இடம்பெயர்ந்து திரும்பி வந்து கட்டினீர்கள்? கடைசியாகச் சொன்னதை ஒப்பாரியாக எழுதாதே. ஆண்டையும் இடத்தையும் போட்டு மூன்று வரியில் எழுது. வாசிக்கிறவர் கொழும்பில் இருக்கிறார், அவருக்கு உன் ஊர் தெரியாது.

ஆட்சேபணை போக வேண்டியது அறிவித்தலில் குறிப்பிட்டிருக்கும் அமைச்சின் செயலாளருக்கு. கிராம சேவகரிடம் வாயால் சொன்னதோ, பிரதேச செயலாளரை ஒரு கலியாண வீட்டில் கண்டு சொன்னதோ ஆட்சேபணை ஆகாது. பதிவுத் தபாலில் அனுப்பு, சிட்டையைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வை. இன்னொரு பிரதியை நேரே பிரதேச செயலகத்தில் கொடுத்து, உன் கையில் இருக்கிற பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்கு. முத்திரை அடிக்க மாட்டோம் என்றால் அதையும் பதிவுத் தபாலில் போடு. கடைசி நாள் வரை பார்த்துக்கொண்டிருக்காதே, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குக் கடிதம் போகிற வேகம் உனக்குத் தெரியும்.

அப்படி எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் தங்கள் பக்கத்தை நேரில் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்று அதே 4ஆம் பிரிவு சொல்கிறது. செயலாளர் தானே கேட்கலாம், தன் சார்பில் ஒரு உத்தியோகத்தரை நியமித்தும் கேட்கலாம். எழுதாதவர்களுக்கு அந்தக் கதிரை இல்லை. ஆகவே விசாரணைக்குப் போய் வாயால் வெட்டிப் பேசலாம் என்று நினைத்து எழுதாமல் விடாதே. எழுத்துத்தான் உன் நுழைவுச் சீட்டு.

கடிதத்தின் அடியில் ஒரு வரி போட மறக்காதே: 'இந்த ஆட்சேபணைக்கு ஆதரவாக நேரில் விளக்கமளிக்க விரும்புகிறேன், விசாரணைத் திகதியை எழுத்தில் அறியத் தரவும்.' கீழே தொலைபேசி இலக்கம். வெளிநாட்டு இலக்கம் என்றாலும் போடு.

வீடு யாருடைய பெயரில்?

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். மட்டக்களப்பில் இது தனிக் கதை.

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார், வளவு மகளுடையது. பழைய முக்குவ வழமையிலிருந்து இன்றைக்குச் சீதன வீடு கட்டுகிறவர்கள் வரைக்கும் ஊர் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம் இது. ஊர் ஒத்துக்கொண்டால் போதுமா? உறுதி அம்மம்மாவின் பெயரில் கிடக்கும். அம்மம்மா செத்து இருபது வருடம் ஆகியிருக்கும். அம்மாவுக்கு எழுதவில்லை, அம்மா மூத்தவளுக்குக் கொடுத்ததாக எல்லோருக்கும் தெரியும், நொத்தாரிசுக்குத் தெரியாது. சோலைவரிச் சிட்டையில் அப்பாவின் பெயர், மின்சாரப் பட்டியலில் அத்தானின் பெயர். அறிவித்தல் வரும்போது 'உரிமையாளர்' என்று யாருடைய பெயரைப் போடுவார்கள் சொல்லு? பெரும்பாலும் ஆம்பிளையின் பெயர். கடதாசி அத்தானின் கையில் கிடைக்கும், அவர் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர் கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். மாற்று வீடு கொடுக்கும்போது குடும்பத் தலைவர் யார் என்று கேட்டுத்தான் பத்திரம் எழுதினார்கள். தலைவர் என்றால் ஆம்பிளை என்று எழுதிய கைகள் அதிகம். சீதன வளவை இழந்தவள் புருஷனின் பெயரில் எழுதிய வீட்டுக்குள் குடியேறினாள். அந்த வீடுகளின் பத்திரங்களில் யார் பெயர் இருக்கிறது என்று இன்னும் எடுத்துப் பார்க்காதவர்கள் இந்தக் கிழமையே பாருங்கள்.

சட்டத்தில் நல்ல விஷயம் ஒன்று உண்டு. நட்டஈடு கேட்கக் கூடியவர் உறுதியில் பெயர் உள்ள ஒருவர் மட்டும் இல்லை. பங்காளி, அடகு பிடித்தவர், குத்தகைக்காரர், பாதையுரிமை போன்ற உரிமை உள்ளவர் எல்லோரும் 'அக்கறையுள்ள ஆள்' என்ற சொல்லுக்குள் வருகிறார்கள். மாத வாடகைக்கு இருக்கிறவர் மட்டும் வரமாட்டார். ஆகவே உறுதி உன் பெயரில் இல்லை என்பதற்காக ஒதுங்கி நிற்காதே. எனக்கு இன்ன உரிமை இன்ன வழியில் வந்தது என்று எழுது. அம்மம்மாவின் உறுதிப் பிரதி, இறப்புச் சான்றிதழ், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், உன்னுடையது, நீ அங்கே குடியிருப்பதற்குக் கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், பழைய சோலைவரிச் சிட்டைகள், இவையெல்லாம் ஒரு வரிசையில் இருந்தால் கதை தானாக விளங்கும். சகோதரங்கள் சம்மதம் என்றால் அதையும் சத்தியக்கடதாசியாகச் சமாதான நீதவானிடம் முடித்து வைத்துக்கொள். நட்டஈட்டுக் காசு என்ற சொல் காதில் விழுவதற்கு முன்னால் அதைச் செய்துவிடு. பிறகு சகோதரங்கள் சகோதரங்களாக இருக்க மாட்டார்கள். இதை எழுதுவதற்கு எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

உறுதிக் காணி இல்லை, பேமிற் காணி என்றால் பாதை வேறு. அது அரச காணி, அதை 'எடுத்தல்' என்ற பேச்சு இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நிபந்தனை மீறியதாகச் சொல்லி அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்யப் பார்த்தால் 106ஆம் பிரிவில் அறிவித்தல் வரும். காரணம் காட்ட உனக்கு ஒரு திகதி போட்டிருக்கும், அது 30 நாளுக்குக் குறையக் கூடாது. அந்த நாளுக்குப் போகாமல் விடாதே. பேமிற் காணியில் யார் பின்னுரித்தாளர் என்று பதியாமல் இருந்தால் அதையும் கையோடு பார். பின்னுரித்தில் மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய அட்டவணையை 2022இல் திருத்திவிட்டார்கள், பெண்பிள்ளை பின்னால் நிற்கத் தேவையில்லை.

1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் என்று தலைப்பில் கண்டால் அன்றே சட்டத்தரணியிடம் போ. அது அரச காணியிலிருந்து எழும்பச் சொல்கிற அறிவித்தல். எழும்பாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே செல்லுபடியான அனுமதிப்பத்திரம், அல்லது அரசாங்கத்தின் எழுத்திலான அதிகாரம் இருக்கிறதா என்பதைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டார்கள். நாற்பது வருடம் குடியிருந்தோம், தென்னை நட்டோம் என்பதெல்லாம் அந்தக் கூண்டில் எடுபடாது.

21 என்று இருக்கும், உன் கையில் 14தான்

எடுப்பதென்று முடிவாகி வர்த்தமானியில் பிரகடனம் வந்த பிறகு 7ஆம் பிரிவு அறிவித்தல் வரும். வர்த்தமானியிலும் வரும், காணியிலும் ஒட்டுவார்கள். உரிமை கோருகிறவர்கள் இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன இடத்துக்கு வர வேண்டும் என்று இருக்கும். அந்தத் திகதி ஒட்டிய நாளிலிருந்து 21ஆம் நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. சரி, மூன்று கிழமை இருக்கிறது என்று நினைப்பாய். அதே அறிவித்தலின் அடுத்த வரியைப் படி. விசாரணைத் திகதிக்குக் குறைந்தது ஏழு நாளுக்கு முன்னால் உன் உரிமை என்ன, எவ்வளவு நட்டஈடு கேட்கிறாய், அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டாய் என்று எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அதனால்தான் 14 என்கிறேன்.

கணக்கு என்ற இடத்தில்தான் நம் சனம் விழுகிறது. 'ஐம்பது லட்சம்' என்று ஒரு தொகையை எழுதிவிட்டுப் போனால் அது கணக்கு இல்லை, ஆசை. காணிக்கு வேறு, வீட்டுக்கு வேறு, கிணறு, மலசலகூடம், மதில், கேற் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வரி போடு. அண்மையில் பக்கத்தில் விற்ற காணிகளின் விலையைத் தேடு, காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதிகளில் அது இருக்கும். ஆனால் முத்திரைச் செலவுக்குப் பயந்து குறைத்து எழுதிய உறுதிகள் ஊரில் ஏராளம், அந்தக் குறைந்த விலையே இப்போது உனக்கு எதிராக வந்து நிற்கும். மரங்களை எண்ணு. காய்க்கிற தென்னை எத்தனை, பிள்ளைத் தென்னை எத்தனை, பலா, மா, முருங்கை. வளவில் கடை வைத்திருந்தால், தறி போட்டிருந்தால், மாடு வளர்த்தால் இடம் மாறுவதால் வருகிற நட்டத்தையும் தனியாக எழுது. ஒவ்வொன்றுக்கும் படம் எடு, படத்தின் பின்பக்கத்தில் திகதி எழுது.

விசாரணையில் இருப்பவர் காணி எடுக்கும் அலுவலர், பெரும்பாலும் பிரதேச செயலாளர்தான். அவரை எதிரியாக நினைத்துப் போகாதே. சந்தை விலை, யாருக்கு என்ன பங்கு என்ற கேள்விகளை அவர் 9ஆம் பிரிவின்படி விசாரித்தாக வேண்டும். நீ கொடுக்கிற கடதாசி ஒழுங்காக இருந்தால் அவருடைய வேலையும் லேசாகிறது. மூலப் பத்திரங்களைக் காட்டு, பிரதிகளைக் கொடு. மூலத்தை எந்தக் கந்தோரிலும் விட்டுவிட்டு வராதே. வாசிக்க முடியாத மொழியில் இருக்கிறதற்கும், வெற்றுக் கடதாசிக்கும் கையெழுத்து இல்லை. நீ சொன்னதை எழுதியிருக்கிறார்கள் என்றால் வாசித்துக் காட்டச் சொல், பிரதி கேள்.

முடிவு வந்த பிறகும் கதவு திறந்திருக்கிறது, கொஞ்ச நாளைக்கு மட்டும். உரிமை பற்றிய முடிவு பிடிக்காவிட்டால் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி 14 நாளுக்குள் கேட்கலாம். தொகை போதாது என்றால் 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

அவசரம் என்று சொல்லி அமைச்சர் 38ஆம் பிரிவின் கீழ் கட்டளை போட்டால் இந்த ஒழுங்கெல்லாம் குலையும். 2ஆம் பிரிவு அறிவித்தலை ஒட்டிய பிறகு எந்த நேரமும் காணியைக் கையேற்கலாம் என்கிறது அந்தப் பிரிவு, நட்டஈட்டு விசாரணை பின்னால் வரும். அவசரம் உண்மையிலேயே இருந்ததா என்று நீதிமன்றத்தில் கேட்க முடியும். அது உன் கொப்பியும் பேனாவும் போதாத இடம். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது, வசதி இல்லாதவர்கள் அங்கே போகலாம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த மாதக் கணக்கில் சேராது.

வாவிதான் எல்லை என்றால்

வாவிக்கரைக் காணிகளின் பழைய உறுதிகளில் 'மேற்கு: வாவி' என்று ஒரு சொல்லில் எல்லை முடிந்துவிடும். மார்கழியில் முகத்துவாரம் வெட்டுவதற்கு முன்னால் வாவி உன் வேலிக்குள் நிற்கும், ஆடியில் கண்டலுக்கு அப்பால் போய்விடும். எந்த மாதத்து வாவி உன் எல்லை? எந்த நில அளவையாளரைக் கேட்டாலும் சிரிப்பார். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் ஒன்று எடுத்து வை, அறிவித்தல் வந்த பிறகு அல்ல, இப்போதே. செலவைப் பார்த்துத் தயங்கினால் பக்கத்து வளவுக்காரரோடு சேர்ந்து ஒரே நாளில் அளந்துகொள். அப்படி அளந்தால் எல்லைச் சண்டையும் அன்றைக்கே தீரும், அல்லது அன்றைக்கே தொடங்கும்.

காணி உன்னுடையது இல்லாவிட்டாலும் நீ பேசக்கூடிய ஒரு கூட்டம் உண்டு. நாலு ஹெக்டேருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட பத்து ஏக்கருக்கு மேல் சதுப்பு நிலம் நிரப்புவதென்றால் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் அறிக்கை வேண்டும். எந்தெந்தத் திட்டத்துக்கு இது தேவை என்ற பட்டியல் 1993 ஜூன் 24ஆம் திகதி வர்த்தமானியில் இருக்கிறது. பெரிய தாக்க மதிப்பீடு என்றால் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் அறிவித்தல் போட்டு, மக்கள் கருத்தெழுத 30 நாள் கொடுக்க வேண்டும். கருத்தெழுதியவர்களை நேரில் கேட்பதும் உண்டு. வீச்சுவலைக்காரர், இறால் பிடிக்கிற பொம்பிளைகள், வாவியில் கால் நனைக்கிற எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கிறது, உறுதி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பத்திரிகை அறிவித்தலைப் படிக்கிறவர் ஊரில் யார்? வாசிகசாலைக்குப் போகிற ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். மாஸ்டருக்கும் சந்தோஷம்.

ஊரில் இல்லாதவர்களின் காணி

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு 2ஆம் பிரிவு அறிவித்தல்களை ஒட்டினார்கள். காணிச் சொந்தக்காரர்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். அந்த ஊர்களுக்குள் போகவே அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒட்டிய கடதாசியை அவர்கள் எப்படிப் பார்ப்பது? ஆனால் பார்த்தவர்கள் சொன்னார்கள், சொன்னது பரவியது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியும் அதே மாதிரித்தான். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேல், யாழ்ப்பாணத்தில் மட்டும் 3,669 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாக எழுதிவிடலாம் என்ற நிலை. கனடாவில் இருப்பவரும் தமிழ்நாட்டு முகாமில் இருப்பவரும் மூன்று மாதத்தில் எந்தக் கடதாசியைத் தேடிப் பிடிப்பார்கள்? மூன்று மாதம் முடிகிற கட்டத்தில், ஜூன் 27ஆம் திகதி, சட்டத்தரணி சுமந்திரன் போட்ட மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அரசாங்கமும் அந்த வர்த்தமானியை மீளப் பெற்றுக்கொண்டது. வடக்கில் நடந்ததென்று தள்ளி வைக்காதே, அதே கட்டளைச் சட்டம் கிழக்குக்கும் உள்ளதுதான்.

நம் பக்கத்தில் வீட்டுக்காரி குவைத்திலோ சவூதியிலோ இருப்பாள், வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். அப்படிப் போகிறவள் போவதற்கு முன் இரண்டு வேலை செய்ய வேண்டும். உறுதி, வரைபடம், சிட்டைகள் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தன் போனில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கையான ஒருவருக்கு, அது புருஷனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, காணி விடயத்துக்கு மட்டும் என்று எல்லை போட்டு அற்றோணித் தத்துவம் எழுதிப் பதிந்துவிட வேண்டும். விற்கும் அதிகாரம் அதில் சேர்கிறதா என்று இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல். ஏற்கெனவே போய்விட்டாள் என்றால் அங்குள்ள தூதரகத்தில் எழுதி அனுப்பலாம். 7ஆம் பிரிவு விசாரணைக்கு வருவதற்கு எழுத்தில் அதிகாரம் பெற்ற முகவர் போதும் என்கிறது சட்டம். நாள் நெருங்கிவிட்டால் ஒப்பமிட்ட அதிகாரக் கடிதம் ஒன்றையும் கடவுச்சீட்டுப் பிரதியையும் அனுப்பச் சொல்லி அம்மாவைப் போக வை. அம்மாவோடு எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரும் போகட்டும். காலை எட்டரைக்கே போனால் நல்லது, மத்தியானத்துக்குப் பிறகு காணிக்கிளை உத்தியோகத்தர் வெளிக்களத்துக்குப் போய்விடுவார்.